1934-இல் ஒரு மாடியறை: வரலாற்றுப் பொம்மை சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

எந்தப் பொம்மைகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1986-இல் பிளெசன்ட் ரோலண்ட் என்பவர் விஸ்கான்சின் மாநிலத்து மிடில்டனில் பிளெசன்ட் கம்பெனியைத் தொடங்கினார். ஆசிரியையாக இருந்தவர், பாடநூல்கள் எழுதியவர். அங்கிருந்து வந்தவைதான் 'அமெரிக்கன் கேர்ள்' பொம்மைகள். 18 அங்குல உயரம். தலையும் கைகால்களும் வினைல், நடு உடம்பு பஞ்சடைத்த துணி. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயர், ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஒரு குடும்பம், அதைச் சொல்லும் கதைப் புத்தகங்கள்.

முதலில் வந்தவர்கள் மூன்று பேர். 1854-இல் ஸ்வீடனிலிருந்து மினசோட்டாவுக்குக் குடியேறிய கிர்ஸ்டன், 1904-இல் பணக்காரப் பாட்டி வீட்டில் வளரும் சமந்தா, 1944-இல் அப்பா போர்முனைக்குப் போயிருக்கும் மாலி. அப்போது கடையில் கிடைக்காது, தபாலில் வரும் கேட்டலாக்கைப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. 1998-இல் மேட்டல் நிறுவனம் 70 கோடி டாலருக்கு இதை வாங்கியது. இன்றும் புதிய பாத்திரங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

பொம்மை வாங்குவது எளிது. அவளுக்கு ஓர் அறை அமைத்து, அந்த அறை அந்த ஆண்டில் நிஜமாகவே இருந்திருக்கும் என்று பார்ப்பவருக்குத் தோன்ற வைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

முதலில் ஆண்டு, அப்புறம் பொம்மை

புதிதாக வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அறையும் அமைக்கப் போகிறீர்கள் என்றால் ஆண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எந்தக் காலத்தைப் பற்றி இரவு பதினொரு மணிக்கும் உட்கார்ந்து படிக்க உங்களுக்கு அலுக்காது? அதுதான் உங்கள் ஆண்டு.

காலவரிசை நீளமானது. 1764-இல் நெஸ் பெர்ஸ் பழங்குடிச் சிறுமி காயா. 1774-இல் வில்லியம்ஸ்பர்க்கில் ஃபெலிசிட்டி. 1824-இல், நியூ மெக்சிகோ இன்னும் மெக்சிகோவின் பகுதியாக இருந்தபோது, ஹோசஃபீனா. 1864-இல் அடிமைத்தனத்திலிருந்து அம்மாவோடு தப்பி ஃபிலடெல்ஃபியா வந்து சேர்ந்த ஆடி வாக்கர். 1914-இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் யூதக் குடும்பத்துப் பெண் ரெபெக்கா. 1934-இல் சின்சினாட்டியில் கிட். 1941-இல் ஹவாயில் நனேயா. 1954-இல் மேரியெலன், 1974-இல் ஜூலி, 1986-இல் கோர்ட்னி. இன்னும் சிலரும் உண்டு.

ஒரே ஒருத்தியோடு தொடங்குங்கள். மூன்று பேரை வாங்கி மூன்று அறையையும் அரைகுறையாக விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காயாவைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவளை உருவாக்கும்போது நெஸ் பெர்ஸ் மக்களின் ஆலோசனைக் குழு ஒன்று கூடவே இருந்து பார்த்தது. மற்ற பொம்மைகளுக்கு முன்பற்கள் தெரியும். அவளுக்கு வாய் மூடியிருக்கும். அவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டவளுக்குப் பக்கத்தில் கைவினைக் கடை இறகையும் மணியையும் கோத்து 'பழங்குடிப் பொருள்' என்று வைத்துவிடாதீர்கள். குதிரை, நாய், பாய், கூடை போதும். சடங்குப் பொருள்களை நாமாகக் கற்பனை செய்து வைப்பது கூடாது.

வாங்கும்போது

புதிய பொம்மை நூறு டாலருக்கு மேல் ஆகும். பழையது கராஜ் சேலிலும் (வீட்டுக்காரர்களே வாசலில் வைத்துப் பழைய சாமான் விற்பது) எஸ்டேட் சேலிலும் (ஒரு வீட்டின் பொருள்களை மொத்தமாக விற்றுத் தீர்ப்பது) இணைய ஏலத்திலும் கிடைக்கும். விலை நிலைமையைப் பொறுத்தது. தயாரிப்பு நிறுத்தப்பட்டவை சில சமயம் திரும்பவும் வரும். 2021-இல் முப்பத்தைந்தாவது ஆண்டையொட்டி முதல் ஆறு பேரையும் மறுபடி வெளியிட்டார்கள். அதனால் 'இனி கிடைக்கவே கிடைக்காது' என்று விற்பவர் சொன்னால் பதறாதீர்கள்.

பழைய பொம்மையில் பார்க்க வேண்டியது முதலில் கழுத்தின் பின்புறம். முடியைத் தூக்கினால் முத்திரை தெரியும். 'பிளெசன்ட் கம்பெனி' என்றிருந்தால் முந்தைய காலத்தது. மேட்டல் வாங்கிய பிறகும் அந்த முத்திரை சில காலம் தொடர்ந்ததால், அதை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லிவிட முடியாது. அடுத்து சட்டையைத் தூக்கி உடம்புத் துணியின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் 1986-க்கும் 1991-க்கும் இடைப்பட்டது; சேகரிப்பவர்கள் இவற்றை 'வெள்ளை உடம்பு' என்றே சொல்வார்கள். 1991-இல் ஃபெலிசிட்டி வந்தபோது அவளுடைய கவுனின் கழுத்து இறக்கமாக இருந்ததால், உள்ளே வெள்ளைத் துணி தெரியக் கூடாது என்று தோல் நிறத்துக்கு மாற்றினார்கள். எல்லாப் பொம்மைகளுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

அப்புறம் கண். மூடித் திறக்கும் கண்களுக்குள் உலோக பாகம் இருக்கிறது. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். சில பழைய பொம்மைகளில் கருவிழியின் நிறம் போய்ச் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். இதற்கு 'வெள்ளிக் கண்' என்று பெயர். புகைப்படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் இதை மறைத்துவிடும். ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். கண் திறந்து ஒன்று, மூடி ஒன்று.

கைகால்கள் உள்ளே எலாஸ்டிக்கில் மாட்டியிருக்கும். பொம்மையைத் தூக்கிப் பிடித்து ஒரு காலை முன்னால் நீட்டினால் அது அப்படியே நிற்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது. சரிசெய்யலாம், ஆனால் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தலையை எடுக்க வேண்டும். முதல் பொம்மையில் அதை முயல வேண்டாம். நிறுவனமே பொம்மை மருத்துவமனை நடத்துகிறது. அங்கே தலையையே மாற்றித் தருவதும் உண்டு. குழந்தையின் பொம்மைக்கு அது சரி. முப்பது ஆண்டு பழைய முகத்துக்காகவே வாங்கியவளை அனுப்பும் முன் எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, வாசனை. இதைக் கேட்க எல்லோரும் மறப்பார்கள். என்னுடைய முதல் மாலி பெட்டியைத் திறந்ததுமே சிகரெட் நெடியடித்தாள். துணி உடம்புக்குள் ஏறிய புகையைப் போக்க இரண்டு மாதம் ஆயிற்று. பேக்கிங் சோடாவோடு மூடிய பெட்டியில் வைப்பதும், நிழலில் காற்றாட வைப்பதுமாக மாற்றி மாற்றிச் செய்தேன். 'புகைபிடிக்கும் வீடா?' என்று இப்போது முதல் கேள்வியாகவே கேட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும்

வினைலை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், தேவைப்பட்டால் ஒரு சொட்டு மென்மையான சோப்போடு, துடைத்தால் போதும். கண்ணுக்குள் நீர் போகக் கூடாது, துணி உடம்பு நனையக் கூடாது. உள்ளே பஞ்சு நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். பேனா மசி, துணிச்சாயம் போன்ற கறைகளுக்கு முகப்பருக் கிரீமைத் தடவி வெயிலில் வைப்பது பலரும் செய்யும் வைத்தியம். பென்சாயில் பெராக்சைடு உள்ள கிரீம் அது. வேலை செய்யும், கறையோடு சேர்த்து வினைலின் நிறத்தையும் வெளுக்க வைக்கும். முகத்தில் ஒருபோதும் வேண்டாம்.

முடிக்கு மனிதர்களின் சீப்பு ஆகாது. கம்பிப் பற்கள் உள்ள விக் பிரஷ் ஒன்று வாங்குங்கள். ஒரு கொத்து முடியை எடுத்து, தண்ணீர் தெளித்து, வேர்ப் பக்கம் விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்து வாருங்கள். செயற்கை இழை என்பதால் சூடான அயர்னும் டிரையரும் காட்டக் கூடாது, உருகிவிடும். மாலியின் பின்னல் கலையாமல் இருந்தால் அவிழ்க்காதீர்கள். தொழிற்சாலையில் போட்ட பின்னல் மறுபடி நம் கைக்கு வராது.

மூன்றில் ஒன்று

சரி, அறைக்கு வருவோம். முதல் தடுமாற்றம் அளவில்தான் வரும்.

18 அங்குலம் என்றால் சுமார் 46 சென்டிமீட்டர். ஒன்பது வயதுச் சிறுமி ஏறக்குறைய 130 சென்டிமீட்டர் இருப்பாள். கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எல்லாம் வந்துவிடும். சாப்பாட்டு மேசை 75 சென்டிமீட்டர் உயரம், பொம்மைக்கு 25. நாற்காலியின் இருக்கை 45, இங்கே 15. தட்டு 8 சென்டிமீட்டர், தேநீர்க் கோப்பை 3. எட்டடி உயர அறை 80 சென்டிமீட்டர் ஆகும். சாதாரண அலமாரித் தட்டில் அது அடங்காது. புத்தக அலமாரியின் நடுப் பலகை ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை அறையாக்குவதே சுலபமான வழி.

டால்ஹவுஸ் கடைகளில் கிடைக்கும் அழகான மரச் சாமான்கள் பன்னிரண்டில் ஒன்று அளவு. இந்தப் பொம்மைக்கு அவை விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். பார்பி சாமான்கள் ஆறில் ஒன்று. ஆனால் தூக்கிப் போட வேண்டாம். பார்பியின் பயணப் பெட்டி கிட்டின் மேசைமேல் நகைப்பெட்டியாகும். பன்னிரண்டில் ஒன்று அளவுள்ள வீடு சமந்தாவின் அறையில் அவளுடைய பொம்மை வீடாகவே நிற்கும்.

அளவில் யாரும் சொல்லித் தராத விஷயம் துணி. நீளம், அகலத்தை மூன்றில் ஒன்றாக வெட்டிவிடலாம். துணியின் கனத்தை வெட்ட முடியாது. நமக்கு மெல்லியதாகத் தெரியும் திரைச்சீலைத் துணி பொம்மை ஜன்னலில் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். வாயில் (voile), லான் (lawn) போன்ற மிக மெல்லிய பருத்தித் துணி எடுங்கள். அதைவிட நல்லது பழைய கைக்குட்டைகள். எஸ்டேட் சேலில் டப்பா டப்பாவாகக் கிடக்கும். தையல் ஓரம் ஏற்கெனவே சிறியது, பூ வேலை சிறியது, ஐம்பது ஆண்டு துவைத்ததில் துணி தானாகவே துவண்டு விழும். ஒரு கைக்குட்டை ஒரு மேசை விரிப்பு. இரண்டு கைக்குட்டை ஒரு ஜன்னல். பூப்போட்ட துணி என்றால் பூ ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

பின்னால் வந்தது ஒன்றும் வேண்டாம், முன்னால் இருந்தது நிறைய வேண்டும்

ஒரு பேச்சுதான் மனதில் நிற்கும் என்றால் இந்தத் தலைப்பு நிற்கட்டும்.

1934-ஆம் ஆண்டு அறை என்றதும் 1934-இல் விற்ற பொருள்களை மட்டும் தேடித் தேடி அடுக்குவார்கள். பார்த்தால் கடைக் காட்சிச்சாளரம் மாதிரி இருக்கும். யார் வீட்டில் எல்லாப் பொருளும் ஒரே ஆண்டில் வாங்கியதாக இருக்கிறது? கட்டில் பாட்டியுடையது, மேசை அப்பாவின் கல்லூரிக் காலத்தது, போர்வை அம்மா தைத்தது, புதுசு என்று ஒரு பென்சில் டப்பா இருக்கலாம். 1904-இன் பித்தளைக் கட்டில் 1934-இன் மாடியறையில் இருப்பது தவறே அல்ல, அதுதான் சரி. சேகரிப்பவருக்கு இதில் பணமும் மிச்சம்: சமந்தாவுக்கென்று செய்த கட்டிலை கிட்டின் அறையில் துணிந்து போடலாம்.

எதிர்ப்பக்கம் மட்டும் கண்டிப்பு. ஒரே ஆண்டு முந்திவிட்டாலும் அறை பொய் சொல்லும். மொனாப்பலி விளையாட்டை பார்க்கர் பிரதர்ஸ் விற்கத் தொடங்கியது 1935. கிட்டின் அறையில் அது வரக் கூடாது. ஸ்லிங்கி சுருள் 1945 கடைசியில்தான் கடைக்கு வந்தது. மாலிக்கு அது கிடையாது. இடுப்பில் சுழற்றும் ஹூலா ஹூப் வளையத்தின் வெறி 1958. மேரியெலன் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். ரூபிக் கனசதுரம் 1974-இல் ஹங்கேரியில் கண்டுபிடிக்கப்பட்டாலும் உலகச் சந்தைக்கு வந்தது 1980. ஜூலியின் மேசையில் வேண்டாம், கோர்ட்னிக்குத் தாராளமாக வைக்கலாம். டெடி பேர் 1902-இல் பிறந்தது. ஆகவே சமந்தாவிடம் இருந்தால் அது பழைய கிழிந்த கரடியாக இருக்க முடியாது, புத்தம் புதிய அதிசயம்.

நானே மாட்டிக்கொண்டது விளக்கில். கிர்ஸ்டனின் மரக்குடிசையில் அழகான மண்ணெண்ணெய் விளக்கு வைத்து இரண்டு ஆண்டு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டியது 1859-இல்; அதற்கப்புறம்தான் மண்ணெண்ணெய் மலிவாகி வீடுவீடாகப் போனது. 1854-இல் எல்லைப்புறக் குடியேறிகளின் குடிசைக்கு மெழுகுவர்த்தியும் அடுப்பு வெளிச்சமும்தான். அந்த விளக்கு இப்போது ஆடியின் அறையில் எரிகிறது. 1864-க்கு அது பொருந்தும்.

வகுப்பறையோ கடையோ அமைத்து அமெரிக்கக் கொடி வைத்தால் நட்சத்திரங்களை எண்ணுங்கள். மாநிலங்கள் சேரச் சேர நட்சத்திரமும் கூடியது. கிர்ஸ்டனின் 1854-இல் 31. ஆடியின் 1864-இல் 35. சமந்தாவின் 1904-இல் 45. ரெபெக்கா, கிட், மாலி, மேரியெலன் நால்வருக்கும் 48. ஐம்பது நட்சத்திரம் 1960-க்குப் பிறகுதான். கடையில் கிடைக்கும் குட்டிக் கொடி எல்லாமே ஐம்பதுதான் என்பதால் அநேகமாக எல்லோரும் இதில் விழுவார்கள். ஃபெலிசிட்டிக்கு அந்தக் கொடியே கிடையாது.

எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது? தபாலில் பொருள் விற்ற சியர்ஸ் நிறுவனத்தின் பழைய கேட்டலாக்குகள் பெரும் புதையல். 1897, 1902 ஆண்டுகளுடையவை மறுபதிப்பாகவே கிடைக்கின்றன. அடுப்பு முதல் பொத்தான் வரை படத்தோடும் விலையோடும் இருக்கும். 1935-க்குப் பிறகு அரசுக்காகப் புகைப்படக்காரர்கள் ஏழை வீடுகளுக்குள் போய் எடுத்த படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. கிட், மாலி வைத்திருப்பவர்கள் அங்கே ஒரு வாரம் குடியிருக்கலாம். மேசையைப் பார்க்காதீர்கள், மேசைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். ரெபெக்காவுக்கு நியூயார்க்கில் 97 ஆர்ச்சர்ட் தெருவில், குடியேறிகள் வாழ்ந்த பழைய அடுக்குக் குடியிருப்பில் உள்ள டெனமென்ட் அருங்காட்சியகம், ஃபெலிசிட்டிக்கு அந்தக் காலத்துச் சாயலிலேயே காத்துவரும் வில்லியம்ஸ்பர்க் நகரமே.

சில அறைகளில் பொருள் குறைவாக இருப்பதே உண்மை. ஹோசஃபீனாவின் காலத்து நியூ மெக்சிகோ வீடுகளில் நாற்காலி அபூர்வம். படுக்கையை மடித்துச் சுவரோரம் போட்டு, பகலில் அதையே இருக்கையாக்கிக்கொள்வார்கள். வெள்ளையடித்த மண்சுவர், மூலையில் கணப்படுப்பு, நெய்த கம்பளி, போதும். ஆடியின் அறைக்கு நான் பொருள் தேடுவதையே நிறுத்திவிட்டேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பி வந்தவர்கள் என்ன கொண்டு வந்திருக்க முடியும்? ஒரு படுக்கை, ஓர் ஊசி நூல், சுவரில் ஓர் ஆணி. அவள் கழுத்தில் கொள்ளுப்பாட்டி வழி வந்த ஒற்றைச் சோழி. சுற்றிலும் காலியாக இருப்பதால்தான் அந்தச் சோழி கண்ணில் படுகிறது.

ஒரு மாடியறை கட்டுவோம்

கிட்டின் கதை இது: பொருளாதாரப் பெருமந்தத்தில் அப்பாவுக்கு வருமானம் போகிறது, அம்மா வீட்டில் வாடகைக்கு ஆள் வைக்கிறார், கிட் தன் அறையை விட்டுக்கொடுத்துவிட்டு மாடியின் கூரையறைக்குப் போகிறாள். பத்திரிகை நிருபராக வேண்டும் என்பது அவள் கனவு. தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல அறை கிடையாது. சாய்ந்த கூரை என்பதால் பூச்சு நேர்த்தியாக இருக்க வேண்டாம். மற்ற அறைகளில் கழித்துப் போட்டதெல்லாம் இங்கேதான் வந்து சேரும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். ஆண்டு மட்டும் போதாது. நான் எடுத்துக்கொண்டது அக்டோபர் மாத மாலை, ஐந்தரை மணி. அதனால் போர்வை கட்டிலில் இருக்கும், ஜன்னல் மூடியிருக்கும், வெளியே வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும், தட்டச்சுப் பொறியில் பாதி அடித்த தாள் இருக்கும். நேரம் தெரிந்துவிட்டால் எந்தப் பொருள் எங்கே கிடக்கும் என்று அறையே சொல்லும்.

சுவருக்கு ஃபோம் போர்டு, அதாவது நடுவில் நுரை வைத்த கனத்த அட்டை. பின்சுவர், இரு பக்கச் சுவர், சாய்வாக ஒரு கூரைப் பலகை. 60 சென்டிமீட்டர் அகலம், 45 ஆழம் இருந்தால் கட்டிலும் மேசையும் கொள்ளும். தரைக்கு அகலமான ஐஸ் குச்சிகளைப் பலகை மாதிரி ஒட்டுங்கள். ஒட்டும் முன் பாதிக் குச்சிகளைக் கருந்தேநீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். நிறம் கலந்து கலந்து வந்தால்தான் நிஜத் தரை. வார்னிஷ் வேண்டாம். நடக்கும் வழியில் மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். கதவிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து மேசைக்கு. கண்ணுக்கு அது தேய்மானம் என்றுகூடத் தெரியாது, ஆனால் யாரோ அங்கே வாழ்கிறார்கள் என்று தெரியும்.

ஜன்னலை வெறும் சதுரமாக வெட்டிவிட்டுப் போகாதீர்கள். சிகாகோ கலைக்கூடத்தில் நார்சிஸா தோர்ன் என்பவர் 1932 முதல் 1940 வரை கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்த 68 குட்டி அறைகள் இருக்கின்றன. போனால் ஜன்னல்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு தோட்டமோ தெருவோ இருக்கும், வெளிச்சம் அங்கிருந்து உள்ளே வரும். அதையே நாமும் செய்யலாம். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி வானத்தின் படம் ஒன்றை நிறுத்தி, இரண்டுக்கும் நடுவில், மேலே மறைவாக ஒரு எல்இடி பட்டையை வையுங்கள். மஞ்சள் வெளிச்சம் தரும் வகை, 2700 கெல்வின் என்று போட்டிருக்கும். அறைக்குள் கூரையிலிருந்து தொங்கும் ஒற்றை பல்பு.

கட்டிலுக்குப் போர்வை. அந்தக் காலத்தில் மாவும் கோழித் தீவனமும் பூப்போட்ட பருத்திப் பைகளில் வந்தன. பையைப் பிரித்துச் சட்டையும் போர்வையும் தைத்தார்கள். சின்னச் சின்ன அச்சுத் துணிகளை 3 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி ஒட்டுப்போர்வை தைத்தால் அந்தச் சாயல் வரும். நடுவில் பஞ்சு வைக்காதீர்கள், உப்பிக்கொள்ளும். மெல்லிய ஃபிளானல் ஒரு மடிப்பு போதும். தைத்து முடித்ததும் நனைத்து, கட்டிலின் மேல் போட்டு, கையால் படிய வைத்து அப்படியே காயவிடுங்கள். உடம்போடு ஒட்டிய மாதிரி விழும்.

சுவரில் அவள் எழுதிய 'செய்தித்தாள்'. பழைய நாளிதழ் ஒன்றின் பக்கத்தை மூன்றில் ஒன்றாகச் சுருக்கி அச்சடித்து, தேநீரில் தோய்த்துக் காயவைத்துக் கசக்கி விரித்தால் காகிதம் மென்மையாகும். தேதியைச் சரிபாருங்கள்.

கையடக்கப் பொருள்கள்

பழைய தொகுப்புகளில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு நாணயம். மாலியின் துணைப்பொருள்களில் நிஜமான எஃகு சென்ட் ஒன்று வந்தது. 1943-இல் செம்பு முழுவதும் போருக்குத் தேவைப்பட்டதால், அமெரிக்க நாணயச்சாலை சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. சாம்பல் நிறம், ஓரத்தில் மட்டும் துருவின் பழுப்பு, உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. காந்தத்தில் ஒட்டும். பழையதாக வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் யாரோ சாதாரணக் காசை மாற்றி வைத்திருக்கிறார்கள்.

அளவுக் கணக்குப்படி இந்தக் காசு தவறு. 19 மில்லிமீட்டர் காசு மாலியின் கையில் சின்னத் தட்டு மாதிரி தெரியும். இருந்தும் வைத்திருக்கிறேன். ஒரு போர் ஒரு சிறுமியின் பணப்பைக்குள் வரை வந்ததை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளும் சொல்லாது. கூடவே அவள் ஜன்னலில் வெள்ளைப் பின்னணியில் நீல நட்சத்திரம், சுற்றிச் சிவப்பு ஓரம்: இந்த வீட்டிலிருந்து ஒருவர் படைக்குப் போயிருக்கிறார் என்று பொருள். காகிதத்தில் நீங்களே செய்யலாம்.

சமையலறை அமைத்தால் உணவுக்குப் பாலிமர் களிமண் மட்டும். நிஜ ரொட்டித் துண்டை வார்னிஷ் அடித்து வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; பூச்சி வரும், கம்பளித் துணி வரைக்கும் போகும்.

வினைல் கையை மலிவான கெட்டிப் பிளாஸ்டிக் கோப்பையின்மேல் மாதக்கணக்கில் வைக்கவும் வேண்டாம். வினைலிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டிக்கொள்ளும். அடர்நிறத் துணியும் அப்படித்தான். யாரோ வீட்டில் தைத்து விற்ற மெரூன் வெல்வெட் சட்டையை ஒரு குளிர்காலம் முழுக்க சமந்தாவுக்குப் போட்டிருந்தேன். கழற்றியபோது இரண்டு மணிக்கட்டிலும் இளஞ்சிவப்பு வளையம். இன்னும் போகவில்லை. இப்போது அடர்நிறம் எதுவானாலும் உள்ளே வெள்ளைப் பருத்தி ஒரு அடுக்கு.

நேர் வெயில் படும் இடத்தில் அறையை வைக்காதீர்கள். எடுத்து வைக்கும் காலத்தில் அமிலமற்ற டிஷ்யூ தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைக்கலாம், காற்றுப்புகாத பிளாஸ்டிக் பை வேண்டாம். ஒரு நோட்டும் போடுங்கள்: எந்தப் பொருள், எப்போது, எங்கே, என்ன விலை, அசலா நீங்கள் செய்ததா, எதைப் பழுதுபார்த்தீர்கள். பத்து ஆண்டு கழித்து உங்களுக்கே நினைவிருக்காது.

கடைசி வேலை

அறை முடிந்தது என்று தோன்றும் நாளில் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பொம்மை அறையின் விளக்கை மட்டும் போடுங்கள். கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் கேமரா பொம்மையின் கண் உயரத்துக்கு வரும்படி தரையோடு வைத்து ஒரு படம் எடுங்கள். மேலிருந்து பார்த்தவரை மறைந்திருந்ததெல்லாம் தெரியும். பசை வழிந்த மூலை, ஃபோம் போர்டின் வெள்ளை விளிம்பு, நாற்காலிக்கு அடியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டு.

என் படத்தில் தரை சரியாக இருந்தது, போர்வை சரியாக இருந்தது, தட்டச்சுப் பொறிமேல் வெளிச்சம் நான் நினைத்தபடியே விழுந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்த மாலை வானத்தில் மட்டும், குறுக்கே, ஜெட் விமானம் விட்டுப்போன நீளமான வெள்ளைக் கோடு. ஜெட் விமானம் முதன்முதலில் பறந்ததே 1939-இல். அன்றிரவே வேறு வானம் அச்சடித்து ஒட்டினேன்.